என் இடது காதும் ஒரு பாட்டின் இடையிசையும்

என் இடது காது கேட்காது. என்னோடு கதைக்க வருகிறவர்கள் வலது பக்கம் உட்காருவது நல்லது. வயது போனதால் வந்த கோளாறு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒருவன் அறைந்து போன காது. அறைந்தவனை எனக்குத் தெரியும். அவன் குரலை இந்தத் தீவில் ரேடியோ வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

இசைத்தட்டுகளுக்கு வாத்தியம் எழுதுவது என் தொழில். மெட்டுப் போடுகிறவர் வேறு ஆள், பாட்டு எழுதுகிறவர் இன்னொரு ஆள். அந்த மெட்டுக்கு வயலின் எங்கே ஏற வேண்டும், புல்லாங்குழல் எங்கே இறங்க வேண்டும், எல்லோரும் எங்கே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதி, ஒலிப்பதிவு நாளில் முன்னால் நின்று கை காட்டி நடத்துகிறவன் நான். பிறகு தட்டைத் தயாரித்து வெளியிடுகிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. சிங்களப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, ஹிந்தி மெட்டில் வந்த பாட்டு, பைலா என்கிற ஆட்டப் பாட்டு, எதையும் விடவில்லை. தட்டின் நடுவில் ஒட்டும் தாளில் பாடகரின் பேர் இருக்கும். என் பேரைத் தேடினால் கிடைக்காது. அதற்காக நான் போடாத சண்டை இல்லை.

எங்கள் ஒலிப்பதிவு அறை கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கு மேலே ஒரு மாடியில் இருந்தது. வெளிச் சத்தம் வராமல் சுவர் முழுக்கச் சாக்கு அடித்திருந்தோம். மின்விசிறி போட்டால் இரைச்சல் பதிவாகும் என்று அதையும் நிறுத்திவிடுவோம். அந்தக் காலத்தில் ஒரே ஒலிவாங்கிதான். அதைச் சுற்றி எல்லோரும் நின்று, பாடகரும் வாத்தியங்களும் ஒரே மூச்சில் பாட்டை முடிக்க வேண்டும். கடைசி வரியில் ஒருவன் பிழைவிட்டால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேர்வை கண்ணுக்குள் இறங்க, ஒன்பதாவது தடவை ஒரு ட்ரம்பெட்காரன் பிழைவிடும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க நான் வானத்திலிருந்து இறங்கிய சம்மனசு இல்லை.

அடித்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? பொலிஸ் பாண்ட் வாத்தியக்குழுவிலிருந்து வாசிக்க வந்த ட்ரம்பெட்காரன் மீது இசைத்தாள் வைக்கிற இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி எறிந்தேன். பொலிஸ்காரன் என்பதால் பிடித்து அடைத்துவிடுவான் என்று மற்றவர்கள் பயந்தார்கள். அவன் வந்து என் வயிற்றில் ஒரு குத்து விட்டுவிட்டு, திரும்பிப் போய் சரியாக வாசித்தான். தபேலாக்காரர் ஒருமுறை சுருதி சேர்க்கிற சுத்தியலை எனக்கு எறிந்தார். குனிந்ததால் பின்னால் இருந்த கடிகாரம் செத்தது. எங்களுக்கு அது வேலையின் ஒரு பகுதி. கொட்டாஞ்சேனையில் மாதா கோயில் பாடற்குழுவில் பாட்டுப் படித்த காலத்தில், முந்திப் பாடினால் ஓர்கன் பெட்டி வாசிக்கிற சுவாமியார் பின்னங்காலில் பிரம்பால் இழுப்பார். பிந்தினால் ஒன்றும் சொல்ல மாட்டார். பிந்துகிறவன் தனக்கு மட்டும் கெடுதல் செய்கிறான், முந்துகிறவன் எல்லோரையும் குழியில் தள்ளுகிறான் என்பது அவர் கணக்கு. அந்தத் தழும்புகளோடுதான் நான் வளர்ந்தேன். முந்தி வருகிறவனைக் கண்டால் என் கை தானாகவே எழும்.

அந்தப் பாட்டு வந்தது சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததற்குப் பிந்திய காலத்தில். சிங்களப் பாட்டுத்தான். ஒரு பெண் பாடியது. இரண்டாவது சரணத்துக்கு முன் நான் ஓர் இடையிசை எழுதினேன். வயலின்கள் படிப்படியாக ஏறும். உச்சியில் புல்லாங்குழல் வாங்கிக்கொண்டு தனியாக இறங்கும். இறங்கி முடிந்ததும் ஒரு முழுத் தாளச் சுற்று மௌனம். தபேலாகூட அடிக்காது. அதற்குப் பிறகுதான் பாடகி வருவாள். கேட்கிறவன் நெஞ்சு அந்த மௌனத்தில் ஒருமுறை நின்று போகும்.

தட்டு உடைந்துவிட்டது என்று சனம் நினைக்கும், அந்த இடத்தை நிரப்பு என்றார் இசைத்தட்டுக் கம்பனி முதலாளி. முடியாது என்றேன். நிரப்பாவிட்டால் வெளியே போ என்றார். அவருடைய அறைக் கண்ணாடியை முட்டியால் உடைத்தேன். வலது கையில் அந்தத் தையல் இன்னும் இருக்கிறது. மௌனமும் தட்டில் இருக்கிறது.

பாட்டு எடுபட்டது. பஸ்ஸில், தேத்தண்ணிக் கடையில், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களிடத்தில், எங்கும் அதுதான். ஒரு சோதனை என்னவென்றால், பாடின எல்லோரும் அந்த மௌனத்தைத் தின்றார்கள். வாத்தியம் இல்லாமல் வாயால் பாடுகிறவனுக்குப் பொறுமை ஏது? புல்லாங்குழல் இடத்தை 'ல ல ல' என்று இழுத்து முடித்ததும் சரணத்தில் குதித்துவிடுவான். கிராண்ட்பாஸ் பக்கத்துக் கடையொன்றில் ஒருவன் இப்படிப் பாடியதற்காக நான் அவன் சட்டையைப் பிடித்திருக்கிறேன். ஏன் பிடித்தேன் என்று அவனுக்கு விளங்கவேயில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டின் சொற்கள் எனக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனையில் பிறந்தவனுக்குச் சிங்களம் வராதா என்று கேட்கலாம். நன்றாக வரும், சிங்களத்தில் தூஷணம் பேசினால் சிங்களவனே காதைப் பொத்துவான். ஆனால் பாட்டில் சொல் என் காதில் ஏறாது. குரல் எனக்கு இன்னொரு வாத்தியம். எங்கே மூச்சு எடுக்கிறாள், எங்கே சுருதி தொங்குகிறது என்பதுதான் கேட்கும். அவள் காதலனைக் கூப்பிடுகிறாளா, பிள்ளையைத் தூங்க வைக்கிறாளா என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கிய நாள் நான் காலையிலேயே கொள்ளுப்பிட்டிக்கு வந்துவிட்டேன். வெள்ளவத்தையில் வீட்டில் மனைவி தனியாக இருந்தாள். பதினொரு மணியளவில் வெள்ளவத்தை இருக்கிற தெற்குப் பக்கம் புகை தெரிந்தது. எங்கள் முதல் வயலின்காரன், கொட்டாஞ்சேனைக் கோயிலில் என்னோடு அடி வாங்கி வளர்ந்தவன், வாசலை மறித்து நின்றான்.

"மச்சான், இண்டைக்குப் போகாத. ரோட்டில ஆக்களை நிப்பாட்டிக் கேக்கிறாங்களாம். சிங்களம் வாசிக்கச் சொல்றாங்களாம்."

"நான் என்ன, திருநீறு பூசிக்கொண்டா போறன்? அவள் வீட்டில தனிய. வழியை விடு."

விடவில்லை. தள்ளிவிட்டுப் போனேன்.

பம்பலப்பிட்டி வரை ஒன்றும் இல்லை. அதற்கு அப்பால் ஒரு புடவைக் கடை எரிந்துகொண்டிருந்தது. புடவை எரிகிற நாற்றம் தொண்டையில் ஒட்டும். வேட்டி கட்டிய ஒரு வயதானவரைத் தண்டவாளப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். செருப்பு மட்டும் ரோட்டில் கிடந்தது. சைக்கிள் செயினைக் கையில் சுற்றியிருந்த நாலைந்து பேர் என்னை மறித்தார்கள்.

யார் நீ, என்ன தொழில் என்று கேட்டார்கள். சிங்களத்தில் பதில் சொன்னேன். சங்கீதத் தொழில் என்று சொன்னதுதான் நான் செய்த மடத்தனம்.

"எஹெனங் சிந்துவக் கியபங்," என்றான் ஒருவன். அப்படியென்றால் ஒரு பாட்டைப் பாடு என்கிறான். இன்னொருவன் எந்தப் பாட்டு என்றும் சொன்னான். என் பாட்டு.

நான் வாயைத் திறந்தேன். முதல் சொல் வரவில்லை. அதற்கு முன் வருகிற வயலின்தான் வந்தது. அதை முணுமுணுத்தேன். முடிந்தது. இப்போது சொல் வர வேண்டும். செல்லோ எங்கே நிற்கிறது என்று தெரிகிறது, கிளாரினெட் என்ன செய்கிறது என்று தெரிகிறது, அவள் என்ன சொல்கிறாள் என்று மட்டும் தெரியவில்லை. என்னைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செயின் வைத்திருந்தவன் கையை ஓங்கினான்.

அப்போது இன்னொருவன் பாடினான். இடது புருவத்தில் பாதி இல்லாதவன். கையில் பொல்லுத்தடி. விளையாட்டுக்குத்தான் பாடத் தொடங்கினான். ஆனால் என்ன குரல் அது. நான் முணுமுணுத்த சுருதியை அப்படியே பிடித்து, மயிரிழை விலகாமல் பாடினான். கடை எரிகிறது, செயின் ஓங்கியபடி நிற்கிறது, என் மண்டை மட்டும் 'இவன் எங்கே இருந்தான் இவ்வளவு நாளும்' என்று கேட்கிறது. கூட்டம் கை தட்டித் தாளம் போட்டது. சரணம் முடிந்ததும் இடையிசைக்காக என்னைப் பார்த்தார்கள். வயலினை ஏற்றினேன். புல்லாங்குழலை இறக்கினேன். பிறகு மௌனம்.

அவன் முந்திவிட்டான்.

என் கை எழுந்தது. நான் எழுப்பவில்லை, அது எழுந்தது. உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே விரித்து, பொறு என்று காட்டினேன். ஒலிப்பதிவு அறைக்குள் ஆயிரம் தடவை செய்கிற சைகை. தமிழன் ஒருவன் தன்னை அடிக்கக் கை ஓங்குகிறான் என்றுதான் அவன் நினைத்திருப்பான். பொல்லைக்கூட மாற்றிப் பிடிக்காமல், விரித்த கையால் என் இடது செவிட்டில் அறைந்தான்.

காதுக்குள் ஒரு கதவு அடித்துச் சாத்தியது. பிறகு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. விழுந்தேன். சப்பாத்துக்கால்கள் விலாவில் இறங்கின. செயின் முதுகில் விழுந்தது. இரண்டு விரல் மிதிபட்டு முறிந்தது. அந்த நேரம் ஒரு பஸ் வந்தது. கூட்டம் என்னை விட்டுவிட்டு அதை நோக்கி ஓடியது. நான் தப்பியது அதில் இருந்தவர்களால். அவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் ஒரு காதில் கேட்டது.

முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் என் சட்டைக் கொலரைப் பிடித்து, இரும்புக் கதவுக்குக் கீழால் உள்ளே இழுத்தார்.

"சத்தம் போடாம இரிங்க தம்பி. அவனுகள் திரும்பி வருவானுகள்."

மாலையில் அவரே என்னைக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். செவிப்பறை கிழிந்து உள்நரம்பும் செத்துவிட்டது, இனிக் கேள்வி திரும்பாது என்றார் டொக்டர். மனைவி பத்திரமாக இருந்தாள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவளைத் தங்கள் அறையில் பூட்டி வைத்திருந்தது. என்னைக் கண்டதும் அழுதாள். இடது பக்கம் நின்று அழுததால் எனக்குக் கேட்கவில்லை.

ஒரு காது போன வாத்திய நடத்துநரை யார் வைத்திருப்பார்கள்? முதலாளியிடம் விரல் முறிந்தது என்று மட்டும் சொன்னேன். காது போனது தெரிந்தவன் வயலின்காரன் ஒருவன்தான். அதன் பிறகு எல்லா ஒலிப்பதிவிலும் எனக்கு இடது புறமாக நின்றான். அந்தப் பக்கம் யாராவது பிழைவிட்டால் என் முழங்காலுக்குக் கீழே உதைப்பான். உதை விழுந்ததும் நான் அந்தத் திசையில் திரும்பிக் கத்துவேன். மாஸ்டருக்குப் பாம்புக் காது என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். என் கால் கறுத்துப்போய்க் கிடந்தது.

ஆனால் நான் தேடிக்கொண்டிருந்தது ஒரு குரலை. பஸ்ஸில் யாராவது முணுமுணுத்தால் திரும்பிப் புருவத்தைப் பார்ப்பேன். கண்டால் கொன்றுவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. அவள் அதை நம்பினாள். எனக்காக மெழுகுதிரி கொளுத்தினாள்.

அவன் தானாகவே வந்தான். கோரஸ் பாட ஆள் எடுக்கிறோம் என்று அறிவித்திருந்தோம். வாத்தியக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். மாடிப்படியேறி, வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி ஒருவன் உள்ளே வந்தான். இடது புருவத்தில் பாதி இல்லை.

என்னை அவனுக்குத் தெரியவில்லை. மாஸ்டரின் பாட்டையே பாடினால் மாஸ்டர் மகிழ்வார் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பாட்டைத்தான் எடுத்தான். அதே குரல். வயலின்காரன் இடையிசையை வாசித்தான். புல்லாங்குழல் இறங்கியது. நான் அவன் அருகில் போய் நின்றேன். மௌனம் வந்தது.

மறுபடியும் முந்தினான்.

என் உடம்பில் இருந்த பலம் எல்லாவற்றையும் கூட்டி அவன் இடது செவிட்டில் அறைந்தேன். விழுந்தான். ஏறி மிதித்தேன். வயலின்காரன் ஓடிவந்து என்னைப் பின்னால் கட்டிப்பிடித்தான்.

"விடு மச்சான், ஆள் புதுசு. ஒருக்கா முந்தினதுக்கு இப்பிடியா அடிக்கிறது?"

சுற்றிப் பார்த்தேன். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. தபேலாக்காரர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரை நான் அடித்த அறை அது. என் வாழ்நாளில் காரணத்தோடு அடித்த ஒரே அடி, மற்ற அடிகளோடு ஒன்றாகப் போய்விட்டது. அவனும் எழுந்து உட்கார்ந்து, பிறகு முழங்காலில் விழுந்து, சிங்களப் பிள்ளைகள் குருவைக் கும்பிடுவதுபோல என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"சமாவென்ன சேர். முந்திவிட்டேன்," என்று சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டான்.

கொலரைப் பிடித்து மாடிப்படித் தலைப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிங்களத்தில் சொன்னேன், எல்லாவற்றையும். எரிந்த புடவைக் கடை, பொல்லு, நான் முணுமுணுத்தது, அவன் பாடியது. "இந்தக் காதை எடுத்தது நீ," என்று தொட்டுக் காட்டினேன். பொய் சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான்.

"மத்தக நே, சேர்," என்றான். ஞாபகம் இல்லையாம். "அன்றைக்கு நிறையப் பேர். யாரை யார் அடித்தோம் என்று எனக்குத் தெரியாது." பிறகு என் காதைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "நான் பாடினேனா?"

படிகள் செங்குத்தானவை. கையை எடுத்தால் போதும், மண்டை பிளந்திருக்கும். ஆனால் அது ஒரு நொடியில் முடிந்துவிடும். எனக்கு அது போதாது. திங்கட்கிழமை வா என்றேன்.

கைக்குள் வைத்து நசுக்கத்தான் எடுத்தேன். கோரஸில் போடாமல் தனிப் பாட்டே கொடுத்தேன். ஒலிப்பதிவு நாளில் காலையிலிருந்து பாட வைத்தேன். நல்லாயிருந்த பதிவுகளை எல்லாம் 'மறுபடி' என்றேன். தண்ணீர் கேட்டான், கொடுக்கவில்லை. பிற்பகலில் தொண்டை கிழிந்தது. மேல் சுரத்தில் குரல் இரண்டாகப் பிளந்து, கரகரத்து நின்றது. துப்பியபோது சிவப்பு இருந்தது. அப்போதுதான் போதும் என்றேன்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தக் கிழிந்த பதிவைத்தான் எடுத்தார். அழுகிற குரல் என்று சனம் கொண்டாடியது. வீட்டுக்கு வீடு அந்தப் பாட்டு. ஒருவனை அழிக்கப் போய் அவனைப் பெரிய பாடகனாக்கிவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டை வீட்டுச் சுவரில் அடித்து உடைத்தேன். மறுநாள் ரேடியோவில் மறுபடி போட்டார்கள். அதன் பிறகு அவனுக்கு நான் எழுதாத வருஷம் இல்லை. அவன் முந்தியதும் இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டு பாடுவான்.

நான் மன்னிக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் வேறு கதை சொல்லாமல் இருக்க.

அவன் ஒவ்வொரு வருஷப்பிறப்புக்கும் சிங்களவர் பெரியவர்களைக் கும்பிடக் கொண்டுபோகிற வெற்றிலைக் கட்டோடு வெள்ளவத்தைக்கு வருகிறான். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. வெற்றிலையை என் கையில் தந்துவிட்டு முழங்காலில் விழுந்து கும்பிடுவான். எழும்பும்போது குனிந்து என் இடது காதில் ஏதோ சொல்வான். கேட்காத காது என்று அவனுக்குத் தெரியும். நான்தான் தொட்டுக் காட்டினேனே. வருஷா வருஷம் அந்தக் காதில்தான் சொல்கிறான்.

என் மனைவி பக்கத்தில் நிற்பாள். அவளுக்குக் கேட்கும். முதல் வருஷம் அவன் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அவர் என்ன சொன்னவர் எண்டு சொல்லட்டா?"

"சொல்லாத."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சித்திரை மாதம் அவன் வந்து குனிகிறபோது, தலையைக் கொஞ்சம் திருப்பினால் வலது காதில் விழும். நான் திருப்புவதில்லை.